டிப்ஸ் வாங்குகிறவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் கிடையாதா? குமரி மாவட்டத் தொழிலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி கடற்கரை, நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையச் சுற்றுவட்டாரம், திற்பரப்பு அருவிப் பக்கம், தக்கலை, மார்த்தாண்டம் என எங்கே ஓட்டலில், லாட்ஜில் வேலை பார்க்கிறவர்களிடம் சம்பளத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலாளி சொன்னதாக ஒரே வாசகம் திரும்பி வருகிறது: "அதுதான் டிப்ஸ் வருகிறதே!" சர்வர், ரூம் பாய், கார் டிரைவர், முடிதிருத்தும் கடைத் தொழிலாளி, பெட்ரோல் பங்க் ஊழியர் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. முதலாளிகள் கேட்கும் கேள்வி ஒன்றும் உண்டு.

டிப்ஸ் வருகிறது என்பதைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கலாமா?

கூடாது. இந்தியாவில் எந்தச் சட்டமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம்தான் இத்தனை காலமும் இந்த விஷயத்தை ஆண்டுவந்தது. அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: அரசு நிர்ணயித்த தொகைக்குக் குறைவாக எந்த முதலாளியும் ஊதியம் தரக் கூடாது. ஊதியம் என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்கிறது. வேலைக்கான நிபந்தனைகளை நீங்கள் நிறைவேற்றினால், அந்த வேலைக்காக உங்களுக்குத் தரப்பட வேண்டியதாகும் பணம் அது. தோசையை மேசையில் கொண்டுபோய் வைத்ததற்காக வாடிக்கையாளர் இருபது ரூபாய் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. வைத்தால் வைப்பார், வைக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? முதலாளியிடம் கேட்க முடியாத பணத்தை முதலாளி கொடுத்ததாகக் கணக்குக் காட்ட முடியாது. விஷு அன்று பெரியவர்கள் கையில் வைக்கும் கைநீட்டக் காசை யாரும் சம்பளத்தில் கழிப்பதில்லை. டிப்ஸும் அந்த வகைதான்.

ஆகவே டிப்ஸ் பத்து ரூபாயோ பத்தாயிரம் ரூபாயோ, முதலாளி தர வேண்டிய தொகையில் ஒரு பைசாகூட அதனால் குறையாது.

அமெரிக்காவில் டிப்ஸைச் சம்பளத்தில் கழிக்கிறார்களாமே?

கழிக்கிறார்கள், அந்த நாட்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் அதற்கு வெளிப்படையான விதி இருக்கிறது. அங்கே கூட்டாட்சி அளவிலான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாக 2.13 டாலர் கொடுத்துவிட்டு, மீதியை டிப்ஸால் ஈடுகட்டிக்கொள்ளலாம். டிப்ஸ் அந்த அளவை எட்டாவிட்டால் குறைவதை முதலாளி தன் பணத்திலிருந்து நிரப்ப வேண்டும். 2.13 என்ற எண் 1991 முதல் அசையவே இல்லை. கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் இந்தக் கழிவை ஏற்காமல் முழு ஊதியத்தையும் கொடுக்கச் சொல்கின்றன. பிரிட்டனில் டிப்ஸைக் குறைந்தபட்ச ஊதியத்தில் சேர்த்துக் கணக்கிட 2009 முதலே தடை. 2024 அக்டோபர் முதல் டிப்ஸ் முழுவதும் தொழிலாளர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்ற சட்டமும் வந்துவிட்டது.

நம் ஊரில் சிலர் அமெரிக்க வழக்கத்தின் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கழிப்பதற்கு மட்டும் அமெரிக்கா. ஆள் வராத ஜூன் மாதத்தில் குறைவதை நிரப்பும் விஷயத்தில் அந்த நாடு நினைவுக்கு வருவதில்லை.

எனக்குக் கிடைக்க வேண்டிய தொகை எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே எண்ணை இங்கே எழுதிவைத்தால் அடுத்த ஏப்ரலில் அது பழசாகிவிடும். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு: அடிப்படை ஊதியம், அகவிலைப்படி. அடிப்படை ஊதியத்தை அரசு அறிவிக்கை மூலம் நிர்ணயிக்கிறது; ஐந்து ஆண்டுக்குள் ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது சட்டம். அகவிலைப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பின்பற்றி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் உங்கள் தொகை. சர்வர், சமையல் மாஸ்டர், துப்புரவுப் பணியாளர், காசாளர் என வேலைக்கு வேலை அது மாறுபடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு கிடையாது.

பழைய சட்டத்தின்கீழ் வந்த அறிவிக்கைகள், புதிய தொகுப்புக்கு முரண்படாத அளவுக்குத் தொடர்ந்து செல்லும். ஆகவே "சட்டம் மாறிவிட்டது, பழைய கணக்கெல்லாம் செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புதிய தொகுப்பில் தொழிலாளிக்கு ஒரு லாபமும் உண்டு. முன்பு அட்டவணையில் இருந்த தொழில்களுக்கு மட்டுமே குறைந்தபட்ச ஊதியம். இப்போது எல்லா வேலைகளுக்கும் அது பொருந்தும்.

நடப்பு ஆண்டின் தொகையைத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் நேரில் கேட்டாலும் சொல்வார்கள். கேட்பதற்குக் கட்டணமும் இல்லை, பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மாதத் தொகையை நாள் கூலியாக்க 26ஆல் வகுக்க வேண்டும், 30ஆல் அல்ல. கணக்குக்காக மட்டும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம்: மாதம் 13,000 ரூபாய் என்றால் நாளுக்கு 500 ரூபாய். முப்பதால் வகுத்து 433 ரூபாய் கொடுத்தால் நாள்தோறும் 67 ரூபாய் குறைகிறது.

சாப்பாடும் தங்க இடமும் தருகிறார்கள். அதைச் சம்பளமாகக் கணக்கிடலாமா?

டிப்ஸைவிடச் சிக்கலான கேள்வி இது. பணத்துக்குப் பதிலாகப் பொருளாகத் தருவதை, மொத்த ஊதியத்தில் 15 சதவீதம் வரை ஊதியத்தின் பகுதியாக எடுத்துக்கொள்ளப் புதிய தொகுப்பு இடம் தருகிறது. ஆகவே மூன்று வேளைச் சாப்பாட்டைக் காட்டிப் பாதிச் சம்பளத்தை வெட்ட முடியாது.

தங்குமிடம், விளக்கு, தண்ணீர் ஆகியவற்றின் மதிப்பு ஊதியத்தில் சேராது. "ரூம் வாடகை மூவாயிரம், கரண்டு ஐந்நூறு, அதுவும் சேர்த்துத்தான் உன் சம்பளம்" என்று சொல்வது தவறு. முதலாளி கொடுக்கும் வீட்டுக்கு வாடகை பிடித்துக்கொள்ளச் சட்டத்தில் தனி இடம் இருக்கிறது. ஆனால் முழு ஊதியத்தையும் காட்டி, அதிலிருந்து பிடித்தம் இவ்வளவு என்று சம்பளச் சீட்டில் தனியாக எழுத வேண்டும். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சம்பளச் சீட்டு கொடுப்பதும் கட்டாயம். சமையலறைக்கு மேலே தகரக் கொட்டகையில் எட்டுப் பேர் பாய் விரித்துப் படுப்பதற்குப் பெயர் வீடா என்பதை அதிகாரி வந்து பார்க்கும்போது முதலாளியே விளக்கட்டும்.

எனக்குச் சம்பளமே கிடையாது. சீசனில் வந்து டிப்ஸை மட்டும் எடுத்துக்கொள் என்றார்கள். ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டேன். இனி என்ன செய்ய முடியும்?

அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. குறைந்தபட்ச ஊதியத்தை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று பழைய சட்டமும் சொன்னது, புதிய தொகுப்பும் சொல்கிறது. நீங்களே மனமுவந்து ஒப்புக்கொண்டிருந்தாலும் அப்படித்தான்.

கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் வந்து குவியும் நாட்களிலும், ஏப்ரல், மே பள்ளி விடுமுறையிலும் இப்படி ஆள் சேர்ப்பது நடக்கிறது. பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், அல்லது ஊருக்குப் புதிதாக வந்தவர்கள். இதை நான் வெறும் ஏமாற்று என்று மட்டும் பார்க்கவில்லை. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றே தீர்ப்பளித்தது. வறுமையும் ஒருவகைக் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் பார்வை. முன்பணம் கொடுத்துவிட்டு ஆதார் அட்டையையோ சான்றிதழையோ வாங்கி வைத்துக்கொண்டு, கடன் தீரும் வரை போகக் கூடாது என்று மடக்கினால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமே வந்து நிற்கும். அப்போது போக வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

கல்லாவில் பெட்டி வைத்திருக்கிறார்கள். கியூஆர் குறியீடும் முதலாளியின் கணக்குக்குத்தான் போகிறது. அதில் விழும் டிப்ஸ் யாருடையது?

பணத்தாளாக மேசையில் கிடந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். இப்போது சாயாவுக்குக்கூட யு.பி.ஐ. வந்துவிட்டது. வாடிக்கையாளர் 460 ரூபாய் பில்லுக்கு 500 ரூபாய் அனுப்பிவிட்டு "பையனுக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நாற்பது ரூபாய் முதலாளியின் வங்கிக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தியாவில் டிப்ஸ் பங்கீட்டுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் வழிகாட்டும் தீர்ப்பு ஒன்று உண்டு. 2016 ஏப்ரலில் ஐ.டி.சி. நிறுவனம் சம்பந்தப்பட்ட வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பார்த்தது. கிரெடிட் கார்டு வழியாக ஓட்டலுக்கு வந்து பிறகு ஊழியர்களுக்குப் பிரித்துத் தரப்படும் டிப்ஸ் சம்பளம்தானா என்பது கேள்வி. சம்பளம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பணம் வாடிக்கையாளரிடமிருந்து வருவது. ஓட்டல் அதை ஊழியர்களின் பொருட்டுப் பொறுப்பாளராக வைத்திருந்து ஒப்படைக்கிறது. வேலை ஒப்பந்தப்படி முதலாளியிடம் உரிமையாகக் கேட்கக்கூடிய தொகை அது ஆகாது என்றது நீதிமன்றம். வரிச் சட்டத்தை ஒட்டிச் சொல்லப்பட்ட தீர்ப்புதான் என்றாலும், நம் கேள்விக்கு இரண்டு பக்கமும் உதவுகிறது. முதலாளியின் சம்பளக் கடமை டிப்ஸால் தீராது. ஊழியர்களுக்காக வந்த டிப்ஸைத் தன் வருமானமாக எடுத்துக்கொள்ளவும் முதலாளிக்கு நியாயம் இல்லை.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில. பெட்டியில் சேர்வதைத் தினமும் எல்லோர் முன்னிலையிலும் எண்ணச் சொல்லுங்கள். யாருக்கு எத்தனை பங்கு என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பரோட்டா மாஸ்டரும் பாத்திரம் கழுவுகிறவரும் வாடிக்கையாளர் கண்ணில் படுவதே இல்லை. அவர்களுக்கும் பங்கு வைப்பதுதான் முறை என்பது என் கருத்து, சர்வர்கள் சிலருக்கு இது பிடிக்காது. முதலாளியும் மேலாளரும் பங்கு எடுக்கும் கடைகளும் இருக்கின்றன. பேசிப் பார்த்து நடக்காவிட்டால், டிப்ஸை உங்கள் சொந்த எண்ணுக்கே அனுப்பும்படி வாடிக்கையாளரிடம் சொல்லத் தடையாகச் சட்டம் எதுவும் இல்லை. கடை விதி இருக்கலாம். முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிப்ஸுக்கு வருமான வரி உண்டா?

பிற வகை வருமானம் என்ற தலைப்பில் சேரும். புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லாத நிலையில், சர்வர் வேலை பார்க்கிறவர் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

பில்லில் 'சேவைக் கட்டணம்' என்று பிடிக்கிறார்கள். அது எங்களுக்கு வருமா?

வரும் என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்கிறார். வருவதும் உண்டு, வராததும் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கவே கூடாது. கொடுப்பதும் மறுப்பதும் வாடிக்கையாளர் விருப்பம். ஓட்டல் சங்கங்கள் எதிர்த்து வழக்குத் தொடர்ந்தன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த வழிகாட்டுதலைச் சரி என்று உறுதிசெய்தது. வாடிக்கையாளர் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். எப்படிப் பார்த்தாலும் சேவைக் கட்டணத்தைக் காட்டி உங்கள் ஊதியத்தைக் குறைப்பது தவறுதான்.

கிளாஸ் உடைந்தாலும், ஆள் பில் கொடுக்காமல் போனாலும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். பெட்ரோல் பங்கில் கணக்கு இடித்தால் எங்கள் கையிலிருந்து கட்டச் சொல்கிறார்கள்.

உங்கள் பொறுப்பில் ஒப்படைத்த பொருளோ பணமோ, உங்கள் கவனக்குறைவாலோ தவறாலோ நஷ்டமானால் மட்டுமே பிடிக்கலாம். பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். நஷ்டத்தைவிட அதிகமாகப் பிடிக்கக் கூடாது. முப்பது பேர் வந்த சுற்றுலா வண்டிக் கூட்டத்தில் நான்கு பேர் பணம் கொடுக்காமல் நழுவினால் அது சர்வரின் தவறா? கல்லாவை வாசலில் வைப்பதும் ஆள் போடுவதும் முதலாளியின் வேலை.

அபராதம் என்பது வேறு கணக்கு. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அனுமதி பெற்று அறிவித்திருக்க வேண்டும். ஒரு சம்பளக் காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வசூலித்த பணம் முதலாளியின் பையில் சேரக் கூடாது, தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். பத்து நிமிடம் தாமதித்ததற்கு ஒரு நாள் கூலியையே வெட்டும் கடைகளை இந்த விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சீசனில் காலை ஐந்து மணி முதல் இரவு பதினொன்று வரை நிற்கிறோம். கூடுதல் நேரத்துக்கு டிப்ஸே போதும் என்கிறார்களே?

சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களுக்கு விடியுமுன்பே சாயா வேண்டும். இரவு ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு அறை வேண்டும். வேலை நீளும்தான். ஆனால் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் போகும் வேலைக்கு வழக்கமான வீதத்தைப் போல இரு மடங்கு தர வேண்டும். மேலே சொன்ன 500 ரூபாய்க் கணக்கையே எடுத்துக்கொண்டால், எட்டு மணி நேர நாளுக்கு மணிக்கு 62 ரூபாய் 50 காசு. கூடுதல் நேரம் மணிக்கு 125 ரூபாய். தினமும் நான்கு மணி நேரம் கூடுதலாக 26 நாள் நின்றால் 13,000 ரூபாய், அதாவது இன்னொரு மாதச் சம்பளம்! டிப்ஸ் போதும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டால் புரியும்.

வார விடுமுறையும் உண்டு. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள் என ஆண்டுக்கு ஒன்பது நாட்கள் சம்பளத்தோடு விடுமுறை என்பது தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டம். அன்று வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு வேறொரு நாள் விடுப்பு.

சம்பளம் குறைவாக இருந்தால் என்ன, டிப்ஸோடு கூட்டினால் நன்றாகத்தானே வருகிறது? நான் ஏன் கேட்க வேண்டும்?

நல்ல சீசனில் இப்படித் தோன்றும். இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பணிக்கொடை (வேலையை விட்டுப் போகும்போது தரும் தொகை) எல்லாமே ஊதியத்தின் மேல்தான் கணக்காகின்றன. டிப்ஸின் மேல் அல்ல.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்தால், ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். காகிதத்தில் ஊதியம் 7,800 ரூபாய் என்று இருந்தால் அதில்தான் 70 சதவீதம். ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது டிப்ஸ் வராது.

பணிக்கொடையைப் பாருங்கள். ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம். இங்கும் 26ஆல்தான் வகுக்கிறார்கள். கடைசி ஊதியம் 13,000 என்றால் ஓர் ஆண்டுக்கு 7,500 ரூபாய், பத்து ஆண்டுக்கு 75,000 ரூபாய். 7,800 என்றால் பத்து ஆண்டுக்கு 45,000தான். டிப்ஸைக் காட்டிக் குறைத்த சம்பளம், வேலையை விட்டுப் போகும் நாளிலும் முப்பதாயிரம் ரூபாயைப் பிடித்துக்கொள்கிறது. பல ஆண்டு ஒரே ஓட்டலில் நின்றவர்களுக்கு இது கடைசி நாளில்தான் உறைக்கிறது.

நான் அசாமிலிருந்து வந்தவருடன் வேலை செய்கிறேன். அவரை ஒப்பந்தக்காரர்தான் அனுப்பினார். அவருக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். ஊர், மொழி, மாநிலம் பார்த்து ஊதியம் மாறாது. ஒப்பந்தக்காரர் கொடுக்காவிட்டால் நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பு. உங்களுக்குத் தெரிந்த இந்தியிலோ சைகையிலோ இதை அவருக்குச் சொல்லிவிடுங்கள். அவருக்குக் குறைத்துக் கொடுக்க முடிகிறவரை உங்கள் சம்பளமும் ஏறப்போவதில்லை.

கார் டிரைவர், முடிதிருத்துபவர், உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர் ஆகியோருக்கு?

டிராவல்ஸ் முதலாளியிடம் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. பயணி தரும் டிப்ஸும், சங்குக் கடைக்காரர் ஆள் கூட்டி வந்ததற்குத் தரும் கமிஷனும் முதலாளி தருவது அல்ல, ஆகவே ஊதியம் ஆகாது. சொந்த வண்டி ஓட்டுகிறவருக்கு முதலாளி இல்லை. அவருக்கு ஓட்டுநர் நல வாரியப் பதிவு உதவும். முடிதிருத்தும் கடையிலும் அழகு நிலையத்திலும் தலைக்கு இவ்வளவு என்று பங்குக்கு வேலை பார்த்தாலும், நீங்கள் அங்கே வேலைக்காரர் என்றால் நாள் முடிவில் குறைந்தபட்ச ஊதியத்தை எட்டியாக வேண்டும். செயலி வழி உணவு விநியோகம் செய்கிறவர்களை நிறுவனங்கள் 'பங்குதாரர்' என்று அழைப்பதால் அவர்கள் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2023இல் அவர்களுக்காகத் தனி நல வாரியம் அமைத்தது. அதில் பதிவு செய்துகொள்வது நல்லது.

களியக்காவிளையில் வீடு, வேலை கேரளத்தின் கோவளத்து ஓட்டலில். எந்த மாநிலக் கணக்கு?

வேலை நடக்கும் இடத்தின் கணக்கு. எல்லையைத் தாண்டிப் பாறசாலைக்குள் நுழைந்துவிட்டால் கேரள அரசின் அறிவிக்கை, புகாரும் அங்குள்ள தொழிலாளர் அலுவலகத்தில்தான். அங்கிருந்து களியக்காவிளைக்கு வேலைக்கு வருகிறவருக்குத் தமிழ்நாட்டுக் கணக்கு.

புகார் எங்கே கொடுப்பது? என்ன ஆதாரம் வேண்டும்?

நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் முதல் படி. திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம்; அங்கே பதிவு எண்ணோடு ரசீது கிடைப்பது பின்னால் உதவும். முதலமைச்சரின் உதவி எண் 1100. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

குறைவாகக் கொடுத்த ஊதியத்தைக் கேட்டு மனுச் செய்ய முன்பு ஆறு மாதம்தான் அவகாசம். இப்போது மூன்று ஆண்டு. குறைந்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதமும் வரலாம்; ஐந்து ஆண்டுக்குள் மறுபடியும் அதே குற்றம் என்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் தனியாகவும் கேட்கலாம், உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற தொழிற்சங்கம் உங்களுக்காகவும் கேட்கலாம். ஒரே கடையில் உள்ள பலர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம். தனி ஆளாகப் போகத் தயங்குகிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

ஆதாரம் இல்லையே என்று பலர் பின்வாங்குகிறார்கள். சட்டம் இங்கே தொழிலாளி பக்கம் சாய்ந்திருக்கிறது: ஊதியம் கொடுக்கவில்லை, குறைத்துக் கொடுத்தார் என்று மனு வந்தால், கொடுத்ததாக நிரூபிக்கும் சுமை முதலாளிக்கே. நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதைக் காட்டினால் போதும். சம்பளம் வந்த யு.பி.ஐ. பதிவு, "நாளைக்குக் காலை ஷிப்டுக்கு வா" என்ற வாட்ஸ்அப் செய்தி, கடைச் சீருடையில் எடுத்த படம், உடன் வேலை பார்த்தவரின் சாட்சி எல்லாம் பயன்படும். இன்றே ஒரு சின்ன நோட்டு வாங்கி வந்த நேரம், போன நேரம், கையில் வாங்கிய சம்பளம் ஆகியவற்றைத் தேதியோடு எழுதத் தொடங்குங்கள். டிப்ஸைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், சம்பளத்தோடு கலக்க வேண்டாம்.

கேட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடுவாரே?

அனுப்பக்கூடும். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அனுப்பினாலும், நீங்களே விட்டுவிட்டாலும், இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கை முடித்துத் தர வேண்டும். பழைய பாக்கியைக் கேட்கும் உரிமையும் போகாது. பழிவாங்கும் நோக்கில் நீக்கினால் அதற்குத் தனி வழக்கு உண்டு, ஆனால் அது நாளெடுக்கும். அதனால்தான் தொழிற்சங்கம், கூட்டு மனு என்று சொல்கிறேன். நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சீசன் தொடங்கும்போது ஆள் கிடைக்காமல் முதலாளி தவிப்பார்; அப்போது பேசினால் காது கொடுப்பார். சீசன் முடிந்து அறைகள் காலியாகக் கிடக்கும்போது அதே பேச்சுக்கு மதிப்புக் குறைவு.

நான் சின்ன ஓட்டல் நடத்துகிறேன். மழைக்காலத்தில் வாடகைக்கே வருமானம் இல்லை. எப்படிக் கட்டுப்படியாகும்?

உங்கள் சிரமம் உண்மைதான். கடல் கொந்தளித்து விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தப்படும் நாளில் கடைத்தெருவே படுத்துவிடுகிறது. ஆனாலும் 1958இலேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: குறைந்தபட்ச ஊதியம்கூடத் தர முடியாத தொழிலுக்கு நீடிக்க உரிமை இல்லை. கடுமையான வாக்கியம்தான். அரிசி மொத்தக் கடைக்காரர் மழை பெய்கிறது என்று மூட்டைக்கு விலை குறைப்பதில்லை, கட்டட உரிமையாளரும் வாடகையைக் குறைப்பதில்லை. குறைக்கச் சொல்லும் தைரியம் சர்வரிடம் மட்டும் வருவதுதான் எனக்கு உறுத்துகிறது.

நீங்கள் செய்யக்கூடியது: வேலையாட்களின் எண்ணிக்கையையும் நேரத்தையும் சீசனுக்கேற்பத் திட்டமிடுங்கள். சீசனுக்கு மட்டும் எடுப்பவரிடம் எந்தத் தேதி வரை என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் போடுங்கள், சீட்டுக் கொடுங்கள், வருகைப் பதிவேட்டை ஒழுங்காக வையுங்கள். புகார் வந்தால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். அந்தக் காகிதங்கள் அன்று உங்களுக்கே துணை. டிப்ஸ் பெட்டியின் சாவியை ஊழியர்களில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.